தோல்வி தானாகப் பாடம் நடத்தாது: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியைப் படித்தேன். நீ எழுதிய தேர்வின் இறுதிப் பட்டியலில் உன் பெயர் இல்லை, அதுவும் மயிரிழையில் நழுவியிருக்கிறது. 'பெரிய வித்தியாசத்தில் தோற்றிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன் அக்கா' என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. பொதுவில் பதில் எழுதலாமா என்று கேட்டதற்குப் பெயரைப் போடாமல் எழுதச் சொன்னாய். பட்டியலில் தன் பெயரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனவர்கள் உன்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் யாராவது உன் தோளைத் தட்டி, 'தோல்விதான் வெற்றிக்கு முதல் படி' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. வாதாடாதே. அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை அப்படியே நம்பியும் விடாதே. தோல்வி தானாக எதற்கும் படியாவதில்லை. கேட்பாரில்லாமல் கிடந்தால் அது தோல்வியாகவே கிடக்கும். இரண்டாம் முறையும் அதே இடத்தில் இடறி விழுபவர்களை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் மந்தபுத்திக்காரர்கள் அல்ல.

இது என் சொந்தக் கணிப்பு மட்டுமல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்ளர், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் கொடுத்த கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைகள். ஒரு குழுவினருக்கு அவர்கள் சரியாகச் சொன்னவை எவை என்று மட்டும் தெரிவித்தார்கள். இன்னொரு குழுவினருக்குத் தவறாகச் சொன்னவை எவை என்று மட்டும் தெரிவித்தார்கள். யோசித்துப் பார், இருப்பதே இரண்டு விடைகள் என்றால், 'நீ சொன்னது தவறு' என்ற மாத்திரத்தில் சரியான விடை எதுவென்று தெரிந்துவிடுகிறது. தகவல் என்ற அளவில் இரண்டு குழுவும் சமம். ஆனால் மறுபடி சோதித்தபோது, 'தவறு' என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தன் தவறு என்றவுடன் மனம் நோகிறது, நோகும் இடத்திலிருந்து கவனம் விலகிக்கொள்கிறது. அதே தவறை வேறொருவர் செய்ததைப் பார்த்தவர்களுக்கோ இந்தச் சிக்கல் வரவில்லை, நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் நீ வருகிறாய். 'மதிப்பெண் விவரத்தைத் திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறாய். மொத்த மதிப்பெண் தெரியும், எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பார்க்கவில்லை. அது சோம்பலும் இல்லை, கோழைத்தனமும் இல்லை, மனித மனம் இயல்பாகச் செய்கிற வேலை. ஆனால் உன் தோல்வியில் உனக்குப் பயன்படக்கூடிய ஒரே பொருள் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதைத் திறக்காமல் அடுத்த முயற்சிக்கு 'இன்னும் கடினமாக உழைப்பேன்' என்று சபதம் எடுத்தால், எந்தத் திசையில் உழைப்பாய்?

உடனே திற என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் போகட்டும். பிறகு ஒரு நாள் காலையில், இரவில் வேண்டாம், இரவில் எல்லாக் குறையும் இரண்டு மடங்காகத் தெரியும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார். அது உன்னுடையது என்று நினைக்காதே. உன்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு நண்பனுடையது என்று வைத்துக்கொள். 'இவன் இந்தப் பகுதியில் நேரத்தை விட்டிருக்கிறான், இவனுக்கு இது தெரியவே இல்லை, இது தெரிந்தும் பதறியிருக்கிறான்' என்று படர்க்கையில் எழுது. உனக்கே சிரிப்பு வரலாம். பரவாயில்லை. அடுத்தவர் தவறிலிருந்து கற்பது நமக்கு எளிது என்றால், கொஞ்ச நேரம் அடுத்தவராக இருந்துவிட்டுப் போவோமே.

அந்த நண்பனை நீ திட்ட மாட்டாய் என்பதும் இதில் ஒரு வசதி. உன்னை நீயே எப்படிப் பேசியிருக்கிறாய் என்று உன் செய்தியை மறுபடி படித்துப் பார். அந்தச் சொற்களை வேறு யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். தன்னைக் கடிந்துகொள்வதுதான் ஒழுக்கம், விட்டுக்கொடுத்தால் மனம் சோம்பிவிடும் என்று நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2012-இல் எழுதினார்கள். கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றில் மாணவர்களைத் திணறவைத்துவிட்டு, சிலரிடம் மட்டும், 'இது யாருக்கும் நேர்வதுதான், உன்னிடம் நீ கடுமையாக இருக்காதே' என்ற வகையில் பேசினார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தது அவர்கள்தான். கனிவு அவர்களைச் சோம்பேறிகளாக்கவில்லை. பயம் குறைந்ததால் புத்தகத்தைத் திறக்க முடிந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உனக்குக் கணிதம் பிடிக்கும் என்பதால் ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணித அறிஞரின் கதையைச் சொல்கிறேன். பெயர் உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அதில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதியைப் பெரும்பாலானோர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் 1637 வாக்கில் எழுதப்பட்டு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிரூபணமில்லாமல் கிடந்தது. வைல்ஸ் பத்து வயதில் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அதைப் பார்த்தார். 1986-இலிருந்து கிட்டத்தட்ட யாருக்கும் சொல்லாமல் அதிலேயே மூழ்கினார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவுத் தொடரின் முடிவில் நிரூபணத்தை அறிவித்தார். உலகம் முழுவதும் செய்தியானது. சில மாதங்களுக்குள், நிரூபணத்தைச் சரிபார்த்தபோது ஓர் இடத்தில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. சிறிய ஓட்டை இல்லை, அந்தப் பகுதியே நிற்கவில்லை.

அடுத்த ஓராண்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். தனியாக உழைத்த ஏழு ஆண்டுகளில் தோற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். அப்படியும் நகரவில்லை. கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். 1994 செப்டம்பர் 19 அன்று மேசை முன் உட்கார்ந்து அந்த முறையை மறுபடி பார்க்கிறார். அது வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் பார்க்கவில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்பதையாவது சரியாக விளக்கிவிடலாம் என்றுதான் பார்க்கிறார். அப்போது தெரிகிறது, இந்த முறை எந்தக் காரணத்தால் தோற்றதோ அதே காரணம், மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஒதுக்கிவைத்த இன்னொரு முறையைச் சரியாக இயங்கவைக்கிறது. நிரூபணம் 1995-இல் அச்சேறியது.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகத்தான் எல்லோரும் இதைச் சொல்வார்கள். விடாமுயற்சி இருந்தது உண்மை. ஆனால் அன்று காலை கதவு திறந்தது அதனால் இல்லை என்பது என் எண்ணம். வெல்ல வேண்டும் என்ற பதற்றம் அடங்கி, 'ஏன் தோற்றது' என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றதே, அதனால்தான். ஒரு தோல்வியை அதன் பொருட்டே, அதாவது அதிலிருந்து உடனே எதையும் பறிக்கும் அவசரமில்லாமல் பார்ப்பது எவ்வளவு அரிது!

இங்கே நீ என்னை மடக்குவாய் என்று தெரியும். 'வென்றவர்களின் கதைதானே அக்கா நம் காதுக்கு வருகிறது? ஓட்டையை அடைக்க முடியாமல் போனவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?' சரியான கேள்வி. அதனால்தான் ஊக்கப் பேச்சுகள் எனக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. ஆனால் தோற்றவர்களையும் வென்றவர்களையும் சேர்த்துக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது, உன் நிலைமைக்கு அளந்து தைத்தது போல.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளில், தகுதிக் கோட்டுக்குச் சற்று மேலே வந்து நிதி பெற்றவர்களையும், சற்றுக் கீழே விழுந்து நிதி இழந்தவர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு யாங் வாங், பெஞ்சமின் ஜோன்ஸ், டாஷுன் வாங் ஆகிய மூவரும் ஒப்பிட்டார்கள். 2019-இல் வெளியானது. கோட்டுக்கு அருகில் இரண்டு தரப்புக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை. முடிவு இரண்டு பக்கம் கொண்டது. நிதி இழந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்த நிதி அமைப்பைவிட்டே நிரந்தரமாக மறைந்துபோனார்கள், அந்த வாய்ப்பு பத்து சதவீதத்துக்கும் மேல் கூடியது. ஆனால் தொடர்ந்து நின்றவர்கள், நீண்ட காலத்தில், நிதி கிடைத்தவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். பலவீனமானவர்கள் விலகிப்போனதால்தான் மீதிப் பேர் உயர்வாகத் தெரிகிறார்களோ என்றும் சோதித்தார்கள். அது மட்டுமே காரணமாக இல்லை.

மயிரிழையில் நழுவியது உனக்குச் சாபமாகத் தோன்றுகிறது. அந்தக் கணக்கின்படி, நழுவியவர்களும் தப்பியவர்களும் அன்றைய நாளில் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். உன்னைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அந்தப் பட்டியலில் எழுதப்படவில்லை. கோடு எங்கே விழுந்தது என்பது மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இனி உன் செய்தியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். 'எனக்கு வாழ்க்கையில் ஒரு நோக்கமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.' இதற்குத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

இத்தனை காலம் அந்தத் தேர்வே உன் நோக்கம் என்று இருந்துவிட்டாய். தேர்வு ஒருவருடைய நோக்கமாக இருக்க முடியாது, தம்பி. அதைத் தாண்டிப் போய் எதைச் செய்ய நினைத்தாய்? பதவியின் பெயரைச் சொல்லாதே, அன்றாட வேலையைச் சொல். யாருடன் பேசியிருப்பாய், எந்தச் சிக்கலை எடுத்து அவிழ்த்திருப்பாய், மாலையில் எதை முடித்த திருப்தியோடு எழுந்திருப்பாய்? அந்த வேலையில் ஒரு சிறு பங்கையாவது பதவி இல்லாமல் இன்றைக்கே செய்ய முடியுமா? முடியும் என்றால் உன் நோக்கம் பத்திரமாக இருக்கிறது. எதுவுமே தோன்றவில்லை என்றால் அதுவும் பயனுள்ள செய்திதான். யாரோ மதிக்கும் ஒன்றை நீயும் துரத்திக்கொண்டிருந்தாய் என்று அர்த்தம். அப்படியானால் இந்தத் தோல்வி உனக்குச் சில ஆண்டுகளை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

பார்பரா மெக்ளின்டாக் என்ற மரபணு விஞ்ஞானி, மக்காச்சோளத்தை ஆராய்ந்து, மரபணுக் கூறுகள் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று கண்டறிந்து 1951-இல் ஒரு மாநாட்டில் விளக்கினார். பெரும்பாலோர் புரிந்துகொள்ளவில்லை. 1953 வாக்கில் அதைப் பற்றிய விவரங்களை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டார். ஆனால் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. நோபல் பரிசு 1983-இல் வந்தபோது வயது 81. பரிசு வந்ததற்காக இதைச் சொல்லவில்லை. நடுவில் இருந்த அந்த முப்பது ஆண்டுகளுக்காகச் சொல்கிறேன். பாராட்டு வராத நாளிலும் காலையில் எழுந்து போகத் தூண்டுகிற வேலை ஒன்று அவருக்கு இருந்தது.

அன்றாடத்தைப் பற்றிக் கொஞ்சம். பெரிய அட்டவணை போடாதே, போட்டால் மூன்றாம் நாள் அது உன்னைக் குற்றம்சாட்டும். 'நன்றாகப் படிப்பேன்' என்பதைவிட, எப்போது, எங்கே, எதைச் செய்வேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் மற்றவர்களும் பல முறை காட்டியது. 21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கம் ஒன்று படிவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. உன்னைப் போன்றவர்கள் ஒரு நாள் தவறியதும் மொத்தத்தையும் தூக்கி எறிவீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

மீண்டும் எழுதுவதா, விட்டுவிடுவதா என்று கேட்டிருந்தாய். நான் தீர்மானிக்க மாட்டேன். ஆனால் விடுவது கேவலம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. எட்டாத இலக்கை விட்டு விலகவும், வேறொன்றைப் பற்றிக்கொள்ளவும் முடிந்தவர்கள் மனநலத்தில் மேலாக இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. விலகுவதோடு நின்றால் போதாது, பற்றிக்கொள்ள அடுத்தது ஒன்றும் வேண்டும். வெட்கத்தில் விடாதே, வீம்பில் தொடராதே. அந்தத் தாளைப் படித்து முடிக்கும்வரை இரண்டு முடிவும் வேண்டாம். படித்த பிறகு, 'இன்னும் ஒரு முறை' என்று தோன்றினால், எந்தத் தேதியோடு நிறுத்திக்கொள்வாய் என்பதையும் அப்போதே எழுதிவை. அந்தத் தேதி வரும்போது இருக்கும் மனநிலை அதைத் தீர்மானிக்கக் கூடாது.

வீட்டில் பேசுவது பற்றிக் கவலைப்படாதே. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு அவரே வந்து சாப்பிட்டாயா என்று கேட்பார். நீ அந்த 'நண்பனின்' தாளைப் பற்றி எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. திருத்த மாட்டேன், இரண்டு மூன்று கேள்விகள் மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா