செல்வத்துக்கு, அந்தக் கேப்சூலைப் பற்றி

அன்பு மகன் செல்வத்துக்கு,

ரங்கூனிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலந்தானே?

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஸிம்வாஸ்டாட்டின் மாத்திரையோடு, மாண்டலே சந்தையில் வாங்கிய சிவப்பு அரிசி கேப்சூலையும் ராத்திரி சேர்த்துப் போடுகிறாயாமே. "அரிசிதானேப்பா" என்றாய். இத்தனை வருஷம் மருந்துக் கடையில் நின்றவன் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அது சோறாக்கும் அரிசி இல்லை. அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, காயவைத்துப் பொடியாக்குகிறார்கள். அந்தப் பூஞ்சையிலிருந்து 1979-ல் ஜப்பான்காரர் அகிரா எண்டோ மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். லோவாஸ்டாட்டின் என்று 1987-ல் அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் மாத்திரையாக வந்ததும் அதே பொருள்தான். உன் ஸிம்வாஸ்டாட்டின் அதற்குக் கூடப்பிறந்தது. ஆக, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்தை ஒரே நேரத்தில் விழுங்குகிறாய். டாக்டருக்கோ ஒன்றுதான் தெரியும்.

நீ அனுப்பிய டப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொடியின் எடை போட்டிருக்கிறது. மொனாகோலின் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. ஐரோப்பாவில் 2022-லிருந்து ஒரு நாள் அளவில் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். சில வகைப் பூஞ்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நஞ்சையும் உண்டாக்கும். 2024-ல் ஜப்பானில் இதே சிவப்பு அரிசி மாத்திரையில் வேறொரு பூஞ்சை கலந்து, எத்தனையோ பேர் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

எங்கள் கடைக்கு வரும் ஓர் அம்மா, நாலாவது மாடியில் இருப்பவர். கயிற்றில் பையை இறக்கித்தான் காய்கறி வாங்குவார், ஆனால் மருந்துக்கு மட்டும் தானே இறங்கி வருவார். ஒரு நாள் தொடை வலி, படி ஏற முடியவில்லை என்று தைலம் கேட்டார். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன். கடுந்தேநீர் மாதிரி என்றார். தைலம் கொடுக்கவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவரும் உன்னைப் போல இரண்டையும் சேர்த்துப் போட்டவர். இந்த மருந்து உடம்பில் அளவுக்கு மீறினால் தசை சிதையலாம். அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உனக்குத் தசை வலியோ, அசதியோ, சிறுநீர் கறுத்தோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

அப்புறம், அம்மா உனக்கு மோல்மேன் பம்ளிமாஸ் அனுப்ப எடுத்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். கிரேப்ஃப்ரூட், ஸிம்வாஸ்டாட்டினைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுத்துவிடும். மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட், அதனால் பம்ளிமாஸிலும் அந்தச் சரக்கு உண்டு. ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பழம் ரொம்பப் பிடிக்கும் என்றால் மருந்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடமே கேள்.

இசப்கோல் குடிப்பதில் தப்பில்லை, மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடு. குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் பயமில்லை. ஆனால் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் வேறு விஷயம், அதனால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. நியாசின் என்ற வைட்டமினை அதிக அளவில் ஸிம்வாஸ்டாட்டினோடு சேர்த்தாலும் தசைக்கு ஆகாது.

இதைப் படித்துவிட்டு பயந்து டாக்டர் மாத்திரையை நிறுத்திவிடாதே. சிவப்பு அரிசியை மட்டும் இன்று ராத்திரியே நிறுத்து. இந்த வாரமே டாக்டரைப் பார். வீட்டில் இருக்கும் டப்பா, புட்டி, பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் மேசைமேல் கொட்டு. மருமகள் தரும் கஷாயம் வரை சொல். ஈரலுக்கும் தசைக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேள். ரிப்போர்ட் வந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

அப்பா