மாத்திரை அட்டையைப் படித்துவிட்டுக் கிளம்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமனாரை வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

அப்பா இதய வால்வு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதே சீட்டைக் காட்டி நம் தெருமுனைக் கடையில் ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்தேன். கடையில் கொடுத்தது வேறு கம்பெனி, அட்டையில் வேறு பெயர். இரண்டும் ரத்தம் உறையாமல் தடுக்கிற ஒரே அசினோகூமரால் மருந்துதான். எனக்கு அது தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலும் ஒவ்வொன்று கொடுத்தேன்.

எட்டாம் நாள் காலையில் அப்பா பல் தேய்த்தார். வாஷ்பேசினில் தண்ணீர் விட விடச் சிவப்பு போகவில்லை. முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு, எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகமே அவருக்கு இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஐ.என்.ஆர். 8-க்கு மேல். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, ஏற ஏற ரத்தக்கசிவு பயம். அவருக்கு இருக்க வேண்டியது 2.5-லிருந்து 3.5 வரை. மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். என் கையால் கொடுத்தது தம்பி, இன்னும் ஆறவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று நான் பில் கட்ட ஓடிக்கொண்டிருந்தேன். "எல்லாம் எழுதியிருக்கும்மா" என்று பையைக் கையில் கொடுத்தார்கள். எழுதித்தான் இருந்தது, இங்கிலீஷில். நீ அப்படி வாங்கிக்கொண்டு வராதே. பெட்டி கட்டும் வேலையை மருமகள் பார்க்கட்டும். நீ டாக்டரிடமோ நர்ஸிடமோ உட்கார்ந்து, மருந்தின் உண்மையான பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எத்தனை நாள் என்று கேள். மாமாவுக்கு வால்வு சுருங்கித் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றாய். அவருடைய ஐ.என்.ஆர். எதற்கும் எதற்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கு. அப்பாவின் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அடுத்த பரிசோதனை என்று, எந்த லேபில், ரிசல்ட்டைப் பார்த்து அளவை மாற்றிச் சொல்லப்போவது யார், இதெல்லாம் தெரியாமல் வண்டி ஏறாதே. முதல் சில வாரம் அளவு ஏறும் இறங்கும், அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

கீரையில் அந்த வைட்டமின் கே இருப்பதால் கீரையே தொடக்கூடாது என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. வழக்கமாகச் சாப்பிடுகிற அளவில் சாப்பிடட்டும். ஒரு வாரம் நிறுத்திவிட்டு ஒரே நாளில் கிண்ணம் கிண்ணமாக முருங்கைக்கீரை போட்டால்தான் வம்பு. எனக்கு அதைவிடப் பயம் மாமாவின் மூட்டு வலி மேல்தான். அவர் பாட்டுக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். இந்த மாத்திரையோடு அந்த வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். வீட்டில் இருக்கிற அட்டைகளை எடுத்து எறிந்துவிடு. சில ஆன்டிபயாடிக்கும் இதன் வேகத்தைக் கூட்டிவிடும். பல் பிடுங்கப் போனாலும் சரி, சளிக்குப் போனாலும் சரி, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லச் சொல்.

ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடவே கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, காயம் தெரியாவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

நான் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில்தான் அப்பாவின் மாத்திரையையும் எழுதுகிறேன். இன்று ஒன்று, நாளை அரை. கொடுத்ததும் ஒரு கோடு. ரத்தம் எடுத்த நாளில் சிவப்புப் பேனாவால் ஐ.என்.ஆர். சம்பந்தியம்மாவுக்கும் அப்படி ஒன்று மாட்டிக்கொடு. மாத்திரை கொடுப்பது அவர் ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் கொடுக்க வேண்டாம்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் எனக்குப் போன் போடு. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிற பெயரை எழுத்துக் கூட்டிப் படி. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா