பழைய சீட்டும் ராத்திரி மாத்திரையும்

ஆசிரியருக்கு,

மார்கழிப் பனி இறங்கினால் செல்லூரில் எங்கள் வீட்டில் தும்மல் கச்சேரிதான். ஒன்பது வயதுப் பேரனுக்கு வீசிங் வேறு. டாக்டர் தினம் இரவு ஒன்று என்று 5 மில்லிகிராம் மான்டெலுகாஸ்ட் மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்தார். அப்புறம் அதே சீட்டைக் காட்டினாலே மருந்துக் கடையில் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கினோம், தப்பு எங்கள் மேலும்தான்.

மூன்றாம் மாதம் பையன் நடுராத்திரியில் அலறி எழுந்து சட்டையைப் பிடித்துக்கொண்டான். பகலெல்லாம் சிடுசிடுப்பு. சேட்டை என்று திட்டினேன். டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: இந்த மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, ஏன், தற்கொலை எண்ணம்கூடத் தரலாமாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சிலேயே இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டிருக்கிறது. மாத்திரையை டாக்டர் நிறுத்தியபின் பையன் தூங்குகிறான்.

இன்னொன்று, மூச்சுத் திணறும் நேரத்தில் இதை விழுங்கிப் பயனில்லை. அதற்கு டாக்டர் தந்த இன்ஹேலர்தான்.

கடைக்காரர்கள் சீட்டின் தேதியைப் பார்க்கட்டும். மாத்திரை அட்டையிலும் எச்சரிக்கையைத் தமிழில் அச்சிடலாமே!

ஒரு தாத்தா,
செல்லூர், மதுரை.