சாளைக்கும் சமையல் பக்கத்துல இடம் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம், உங்க பேப்பர்ல சமையல் பக்கம் வந்தா மீனுக்கு எப்பவும் வஞ்சிரம் வறுவல்தான் போடுதீங்க, அது விக்கிற விலைக்கு எங்களுக்குக் கட்டுபடியாகுமா? உவரி, கூத்தங்குழில இருந்து சாளை, அதான் மத்தி, வருதுல்லா, ஒமேகா 3ங்கிற நல்ல கொழுப்பு நிறைய உள்ள மீன், முள்ளுக்குப் பயந்து பிள்ளைங்க தொடாது, அதுக்குத்தான் கட்லெட். மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு நடுமுள்ள உருவிட்டு சதைய விரலால உதுத்தா கண்ணுக்குத் தெரியாத முள்ளு கூட நெருடும், எடுத்துரலாம். சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), நல்லமிளகு, கறிவேப்பிலை, கட்டு பிடிக்க அவிச்ச உருளைக்கிழங்கு போதும், ஆனா மீன்ல தண்ணி நின்னா கல்லுல போட்டதும் உதுந்துரும். எண்ணெய்ல முக்கிப் பொரிக்கவே வேண்டாம், தோசைக்கல்லுல கொஞ்சூண்டு நல்லெண்ணெய் விட்டு, அடி செவந்தப்புறம் திருப்பணும், அவசரப்பட்டா ஒட்டிக்கிடும். கூட அவரைக்காய் பொரியல், கேரட், காய் நிறைய போட்ட தேங்காப்பால் சொதி, சோறு கம்மியா. (சொதிக்குப் பக்கத்துல மீனான்னு எங்க அத்தை முகம் சுளிச்சாங்க, தட்டு மட்டும் காலி.) ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு சாளை அப்பவும் வரும். இந்த மாதிரி ஒண்ணு போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வள்ளியூர்