கிளம்பிப் போகிற மாதம்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. ஏரிக்கரையில் பனி முழுக்கக் கரையும் முன்பே, தோளில் சிவப்புப் பட்டை போட்ட அந்தக் கருங்குருவி வந்து கத்த ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உங்கள் கனடா ஸ்கார்பரோவில் மார்ச் என்றால் வரவு. இங்கே செலவு.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஆட்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மார்ச்சில் குளத்துக்கரையில் நானும் ஆடு மேய்க்கிறவரும்தான். பறவை வந்த தேதியை எல்லோரும் குறித்துவைக்கிறார்கள். போன தேதியை யார் குறிக்கிறார்கள்? குறிப்பதும் லேசில்லை. இன்று பார்த்ததுதான் கடைசி என்று இன்றைக்கே எப்படித் தெரியும்? நாலு நாள் கண்ணில் படாத பிறகு நோட்டைப் பின்னால் புரட்டித்தான் கோடு போட வேண்டும். எனக்கென்னவோ இந்த வேலைதான் பிடித்திருக்கிறது.

போன வாரம் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். பட்டைத்தலை வாத்து கொஞ்சம்தான் மிச்சம். வெயில் தாழ ஒரு கூட்டம் கரையேறி மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலை, பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. புல்லைக் கடித்து வெடுக்கென்று இழுக்கிற சத்தம் எனக்கே கேட்டது; தலை நிமிரவே இல்லை. தின்று கொழுப்புச் சேர்த்தால்தானே இமயம் தாண்ட முடியும்? கருவி கட்டிப் பின்தொடர்ந்ததில் ஒன்று 7,290 மீட்டர் உயரம் வரை போயிருக்கிறது. இதுகள் குஞ்சு பொரிப்பது திபெத், மங்கோலியா பக்கம். ஊருக்குள் மரத்து மேலே மஞ்சள்மூக்கு நாரைக்கு அந்தக் கவலையே இல்லை, குஞ்சுக்கு மீன் கக்கிக்கொண்டிருக்கிறது.

சூறைக்குருவிகளையும் இப்போது பார்க்க வேண்டும். டிசம்பரில் அழுக்குப் பிடித்த மாதிரி வந்தவை, இப்போது பளிச்சென்று ரோசா நிறம். புது இறகு முளைக்கவில்லை. இறகின் மங்கல் நுனி தேய்ந்து போக, அடியில் இருந்த நிறம் வெளியே வந்திருக்கிறது. நல்ல கோலம் கட்டியதும் மத்திய ஆசியாவுக்குப் போய்விடும். பார்க்கக் கொடுத்துவைத்தது அந்த ஊர்க்காரர்களுக்கு.

எனக்கு அதிசயம் என்னவென்றால், உங்கள் ஊரில் பகல் நீளுவது கண்ணுக்கே தெரியும். இங்கே டிசம்பருக்கும் ஜூனுக்கும் பகலில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். விடுவதற்குக் குளிரும் கிடையாது. இருந்தும் இதுகளுக்கு நேரம் தெரிகிறது. எபர்ஹார்ட் க்வின்னர் என்ற ஜெர்மன்காரர் வலசை போகிற சின்னக் குருவிகளைக் கூண்டில் அடைத்து, வெளிச்சமும் இருட்டும் தினமும் ஒரே அளவாக வைத்துப் பார்த்தார். வெளியே நடப்பது எதுவும் தெரியாமலே, பருவம் வந்ததும் ராத்திரியெல்லாம் இருப்புக்கொள்ளாமல் தத்தித் தவித்தனவாம். வருஷக் கணக்கு உடம்புக்குள்ளேயே ஓடுகிறது.

சரி, வீட்டுச் சேதி. எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் படியேற மறுக்கிறது. பின்வாசல் ஆறுமணிக்குருவி இன்னும் போகவில்லை. சருகைப் புரட்டிப் புழு தேடுகிறது என்று காந்திமதி அந்த மூலையில் கூட்டுவதையே விட்டுவிட்டாள். எனக்காக ஒருநாளும் எதையும் விட்டதில்லை, அது வேறு விஷயம். ஏப்ரலில் அதுவும் வடக்கே கிளம்பிவிடும்.

அடுத்த ஜனவரிக் கணக்கெடுப்புக்கு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போடு, அப்புறம் விலை ஏறிவிடும். பைனாகுலரை மறக்காதே. என்னுடையதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது; இரண்டு பேருக்கும் சேர்த்து உன்னுடையதுதான்.

அன்புடன்,
நெல்லையப்பன்