மாடி வீட்டு சென்செய்

நங்கநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். ஜப்பானில், நாகோயாவில் நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரந்தோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றலாம். வாயால் சொன்னால் நீயோ நானோ பாதியில் குறுக்கிட்டுப் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மேலும், சொல்லவேண்டியதில் ஒரு பகுதி என் தவற்றைப் பற்றியது. அதை எழுத்தில் சொல்வதே எனக்கு எளிது.

மாடிப் பகுதியை ஒரு ஜப்பானியப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகச் சென்ற ஆண்டு ஆவணியில் சொன்னேன் அல்லவா? 27 வயது. நீகாத்தா மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். ஒரகடத்தில் ஒரு நிறுவனத்தில், ஜப்பானுக்கு வேலைக்குப் போகவிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொடுக்கிறாள். காலை ஏழு மணிக்கு வேன் வரும். மாலை திரும்பும்போது நம் தெரு நாய்கள் அத்தனைக்கும் தனித்தனியே வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறுவாள். அந்நிய நாட்டுப் பெண் தனியாக வந்து தங்குவதில் உன் அம்மாவுக்கு முதலில் சம்மதமில்லை. வீடு பார்க்க வந்த அன்று, யாரும் சொல்லாமலேயே செருப்பை வாசலில் கழற்றி, மூக்குப் பகுதி வெளிப்புறம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்; அவள் போனதும் அம்மா, "இந்தப் பெண் இருக்கட்டும்" என்றாள். ஒப்பந்தப் பத்திரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொங்கல் வரைக்கும் குனிந்து வணங்குவதும் பதிலுக்கு நாங்கள் சிரிப்பதுமாகவே காலம் போயிற்று. பொங்கலன்று கொல்லையில் பானை வைத்தபோது மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளை அம்மா கீழே அழைத்தாள். தங்கள் ஊரிலும் ஜனவரி 15ஆம் நாளைச் சிறு புத்தாண்டு என்று கொண்டாடுவதுண்டு என்றும், அன்று சிவப்புப் பயறு போட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சுவார்கள் என்றும், பாட்டி இறந்த பிறகு தங்கள் வீட்டில் அது நின்றுபோய்விட்டது என்றும் அவள் தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல, அதை நான் தமிழில் சொல்ல, அம்மா இடையிடையே "உம்" கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த "உம்" தான் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். அவர்கள் வழக்கில் ஒருவர் பேசும்போது மற்றவர் இடைவிடாமல் ஏதேனும் ஒலி கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு "ஐசுச்சி" என்று தனிப் பெயரே உண்டு. அலுவலகத்தில் எல்லாரும் வாய்மூடி அவள் முகத்தையே பார்ப்பதால், தான் சொல்வது யாருக்கும் விளங்கவில்லையோ என்று ஐந்து மாதங்களாகக் கலங்கியிருந்தவள், கதை கேட்கும் பாட்டிகளைப் போல உம் கொட்டும் ஒருத்தியை இந்த ஊரில் கண்டது அன்றுதான்.

இனி, ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன். பாப்பா முதல் வகுப்பில் சேரும் விழாவுக்கு முந்தைய மாலை நீங்கள் அழைத்தது உனக்கு நினைவிருக்கும். முதுகில் அந்தப் பெரிய தோல் பையை மாட்டிக்கொண்டு நின்ற குழந்தை, நெஞ்சில் கையை வைத்து என்னவோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னாள், "டொக்கி டொக்கி" என்பது மட்டும் காதில் விழுந்தது. நான், "தாத்தாவிடம் தமிழில் பேசவேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? தமிழில் சொல்" என்று அதட்டினேன். அவள் பையோடு திரையைவிட்டு நகர்ந்துவிட்டாள். உன்னையும் விடவில்லை, தமிழாசிரியர் வீட்டுப் பேத்தி இப்படி வளரலாமா என்று நீளமாகப் பேசினேன். நீ ஒன்றும் சொல்லாமல், "சரிப்பா, நேரமாகிறது" என்று முடித்துக்கொண்டாய். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் பாப்பா "தூங்கிவிட்டாள்". அங்கே இரவு எட்டு மணி என்பது இங்கே மாலை நாலரை. அவள் எட்டு மணிக்கெல்லாம் தூங்குகிறவள் அல்லள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வீம்பில்தான் நான் மாடிப் பெண்ணிடம் போய், எனக்கு உங்கள் மொழியைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். நல்ல எண்ணம் என்று நினைத்துவிடாதே. குழந்தை என்ன சொல்கிறாள் என்பதைப் பிடித்து, அதற்கு இணையான தமிழ்ச் சொல்லை அந்தக் கணமே அவள் முன் வைத்துத் திருத்திவிடவேண்டும் என்பதே என் திட்டம். கட்டணம் வாங்க மறுத்தாள். பதிலாகத் தமிழ் சொல்லித்தாருங்கள் என்றாள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் என்று முடிவாயிற்று. முதல் நாளே ஒரு சிக்கல்: நான் அவளை "சென்செய்" என்று அழைத்தேன். ஆசிரியரை அப்படித்தான் அழைக்கவேண்டும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய். 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் தன்னை அப்படி அழைக்கக்கூடாது என்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். என்னை அவள் "சென்செய்" என்று அழைக்க, நான் மாணவன் என்று நான் மறுக்க, கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் அப்படியே அழைத்துக்கொள்கிறோம். அம்மா ஒருத்திதான் அவளை "கண்ணு" என்று கூப்பிடுகிறாள்.

எழுத்து வரிசையைப் பார்த்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் உயிரெழுத்து ஐந்து. அ, இ, உ, எ, ஒ என்று நம் குறில்கள் நிற்கும் அதே வரிசை. பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட சித்தம் எழுத்துகளின் படிப்பிலிருந்து அந்த அடுக்கு அமைந்தது என்பதால் இதில் வியப்பில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அடுத்த வாரம் நடந்ததற்கு அப்படி ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை. சென்செய் தன் பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்து "கொரே" என்றாள். என் பக்கத்தில் அழிப்பானை வைத்து "சொரே" என்றாள். இருவருக்கும் எட்டாமல் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டி "அரே" என்றாள். எது என்று கேட்பதற்கு "டொரே". தம்பி, "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்ற தொல்காப்பிய நூற்பாவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அதில் வரும் உகரச் சுட்டைப் பற்றி மாணவர்கள் கேட்டால், இப்போது வழக்கில் இல்லை, தேர்வுக்கு மட்டும் படியுங்கள் என்று கடந்துவிடுவேன். யாழ்ப்பாணத்தார் பேச்சில் "உது" இன்னும் உயிரோடிருக்கிறது என்று தெரியும். கேட்பவர் பக்கத்தில் இருப்பதற்கு அவர்கள் அதைச் சொல்வார்கள். நான் 31 ஆண்டுகள் செத்துப்போனதாகச் சொல்லிவந்த ஒன்றை, ஓர் அழிப்பானை வைத்து அந்தப் பெண் என் மேசைமேல் எழுப்பி உட்காரவைத்துவிட்டாள்.

பேராசிரியர் ஓனோ சுசுமு பற்றி நீ பள்ளியில் படித்தபோது நான் வீட்டில் பெருமையாகப் பேசியதெல்லாம் உனக்கு நினைவிருக்கலாம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று வாதிட்டவர். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தனர். பொங்கலையும் அந்தச் சிறு புத்தாண்டையும்கூட அவர் ஒப்பிட்டிருக்கிறார். 2008இல் காலமானார். அவர் முடிவைப் பெரும்பாலான மொழியியலறிஞர்கள் ஏற்கவில்லை என்பதை மட்டும் நான் வகுப்பில் சொன்னதேயில்லை. தமிழிலிருந்துதான் அது பிறந்தது என்றுகூட ஒருமுறை முழங்கியிருக்கிறேன். சென்செயிடம் இதைச் சொன்னபோது அவள் மறுக்கவுமில்லை, மகிழவுமில்லை. உறவு இல்லாமலேயே இரண்டு மொழிகள் இவ்வளவு ஒத்திருந்தால் அது இன்னும் பெரிய அதிசயம் இல்லையா என்று கேட்டாள். அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஒத்துப்போகாத இடங்களில்தான் எனக்கு அடி விழுகிறது. குறில் நெடில் நமக்குப் பாலோடு வந்தது என்பதால், அத்தையைக் குறிக்கும் "ஒபசன்" என்ற சொல்லையும் பாட்டியைக் குறிக்கும் "ஒபாசன்" என்ற சொல்லையும் நான் ஒருநாளும் குழப்பியதில்லை. தன் ஒரகடத்து மாணவர்களும் இதில் தேர்ந்தவர்கள் என்று அவளும் சொன்னாள். ஆனால் மாத்திரை எண்ணுவதில் சண்டை வந்துவிட்டது. "நிப்பொன்" என்ற சொல்லுக்கு அவள் நான்கு முறை கை தட்டினாள். நம் கணக்கில் ஒற்றுக்கு அரை மாத்திரைதானே, மூன்றுதான் வரும் என்று நான் மூன்று தட்டினேன். அவர்கள் நாட்டில் ஒற்றுக்கும் முழு மாத்திரை. ஹைக்கூவை ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ணுவதும் அப்படித்தான். இதைவிட வம்பு, ககர வேறுபாடு. பனிச்சைப் பழம் போன்ற ஒரு பழத்துக்கும் சாவிக்கும் அவர்கள் மொழியில் இரண்டாம் எழுத்தின் ஒலிப்பு மட்டுமே வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் "ககி" என்றே நிற்கும், நம் நாக்கும் இரண்டையும் "பகல்" என்ற சொல்லின் ககரம் போலவே சொல்லும். நான் காலையில் இரண்டு சாவி தின்றேன் என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்திருக்கிறேன். பதிலுக்கு அவளுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்று. வெளியே மலை பெய்கிறது என்பாள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வந்துவிட்டேன். ஜூன் மாதத்தில் ஒருநாள் இரட்டைக்கிளவி பற்றி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பளபள, சலசல, மினுமினு; பிரித்தால் பொருள் தராது என்று விளக்கியதும் அவள் துள்ளிக் குதிக்காத குறை. தங்கள் மொழி முழுக்க இதுதான் என்றாள். பளபள என்பதற்கு "பிக்கா பிக்கா", மினுமினு என்பதற்கு "கிரா கிரா" என்று தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக்கொண்டே போனோம். ஆறாவதோ ஏழாவதோ அவள் நெஞ்சில் கையை வைத்து, "டொக்கி டொக்கி" என்றாள். தமிழில் என்ன என்று கேட்டாள். பாப்பா அன்று கையை வைத்த அதே இடம். நான் பேசாமல் இருந்ததைக் கண்டு, நாளைக்குத் தேர்வு, புதுப் பள்ளி, மேடையேறுவது என்றால் உள்ளே அடித்துக்கொள்ளுமே, அது என்று அவளே விளக்கினாள். திக்திக் என்று நான் எழுதினேன்.

குழந்தை தாத்தாவிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் என்றால் பேத்திக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அதைச் சொல்ல அவளுக்கு உடனே வந்த சொல்லில் சொன்னாள். நான் அதட்டினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் காதில் அது "தொக்கி" என்று விழுந்து, பிள்ளை மாங்காய்த் தொக்கு கேட்கிறாள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். சித்திரையில் உங்களுக்குக் காரணமில்லாமல் ஒரு கிலோ தொக்கு வந்து சேர்ந்ததே, அதன் கதை இதுதான். விளங்காதபோது அவள் கொடுக்கப் பார்த்தாள், நான் திருத்தப் பார்த்தேன்.

அன்று வகுப்பு அதற்குமேல் நடக்கவில்லை. நடந்ததைச் சென்செயிடம் சொன்னேன். அவள் எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. தன் பாட்டி பேசியது அந்த ஊருக்கே உரிய வட்டார வழக்கு என்றும், தோக்கியோவில் படித்துத் திரும்பிய பிறகு தான் பொதுவழக்கில் பேசத் தொடங்கியதும் பாட்டி தன்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார் என்றும், இறக்கும் வரை அதை யாரும் சரிசெய்யவில்லை என்றும் மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

ஆகவே உன்னிடம் கேட்பது இது. பாப்பாவோடு நீயும் மருமகளும் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் என்னிடம் அவள் எந்த மொழியில் பேசினாலும் நீ குறுக்கே வந்து மொழிபெயர்க்கவேண்டாம். கால்வாசி எனக்கு விளங்கும். விளங்காததை நானே அவளிடம் கேட்டுக்கொள்கிறேன். முதல் வகுப்பில் அவளுக்கு இந்த ஆண்டு 80 கஞ்சி எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், பாடம் என்று சென்செய் சொன்னாள். நான் இதுவரை 43 எழுதியிருக்கிறேன். மலை, ஆறு, மரம் எல்லாம் வந்துவிட்டன, மழை என்பதில் உள்ளே இருக்கும் நான்கு துளிகளை மட்டும் இன்னும் கோணலாகப் போடுகிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு இங்கே நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வில் அடிமட்ட நிலைக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். மண்டபத்தில் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்துக் கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிடாமல் இருக்கவேண்டும். இதைப் பாப்பாவிடம் சொல். தாத்தாவுக்கும் தேர்வு என்றால் உள்ளே அடித்துக்கொள்கிறது என்று சொல். எந்தச் சொல்லில் சொல்லவேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

சென்செய் புத்தாண்டுக்குத் தன் ஊருக்குப் போகிறாள். அவள் கையில் ஏதேனும் கொடுத்துவிட்டால், அங்கிருந்து உங்கள் முகவரிக்கு அஞ்சலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். சித்திரையில் வந்த தொக்கு தீர்ந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா