செலின் பூட்டியே, உங்களுக்கு ஒரு லெட்டர்

வணக்கம் செலின்,

இது உங்க கைக்கு வரப்போறதில்ல, வந்தாலும் நீங்க படிக்கப்போறதில்ல, அது தெரிஞ்சுதான் எழுதுறேன். நீங்க பிரான்ஸோட கோல்ஃப் ஆட்டக்காரி, உங்களப் பத்தி யார் எழுதினாலும் ரெண்டே ரெண்டு இடத்துலதான் வந்து நிக்கிறாங்க, 2023 எவியான் சாம்பியன்ஷிப், 2024 பாரிஸ் ஒலிம்பிக். ஒண்ணுல சொந்த மண்ணுல ஜெயிச்சீங்க, இன்னொண்ணுல சொந்த மண்ணுல கோட்ட விட்டீங்க, முடிஞ்சது கதை. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பல.

எவியான் சின்ன விஷயம்னு சொல்ல வரல. சொன்னா என்னை அடிக்கலாம். லெமான் ஏரிக்கு மேல மலைச்சரிவுல இருக்குற அந்த கோர்ஸ்ல 1994ல இருந்து போட்டி நடக்குது, 2013ல அதுக்கு மேஜர், அதாவது மிகப் பெரிய போட்டிகள்ல ஒண்ணுங்கற அந்தஸ்து குடுத்தாங்க, உலகத்துல எங்கெங்கயோ இருந்து வந்தவங்கல்லாம் கோப்பையத் தூக்கிட்டுப் போனாங்க, பிரெஞ்சுக்காரங்க ஒருத்தர் கூட ஜெயிச்சதில்ல. உங்களுக்கும் அதுவரைக்கும் அங்க சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் அமையல. அப்புறம் பாத்தா நாலு நாள்ல 66, 69, 67, 68 ஸ்ட்ரோக் (பந்த அடிச்ச எண்ணிக்கை, கொறஞ்சாதான் நல்லது). 14 அண்டர், அதாவது கோர்ஸுக்கு வச்சிருக்குற கணக்கான பார விட 14 கம்மி. ரெண்டாவது வந்த புரூக் ஹெண்டர்சன், முந்தின வருஷ சாம்பியன், உங்களுக்கு ஆறு ஸ்ட்ரோக் பின்னாடி. ஜெயிச்சவங்க நாட்டுக் கொடிய பாராசூட்ல குதிச்சு கொண்டு வந்து தோள்ல போர்த்துவாங்க இல்ல, அங்க முதல் தடவையா பிரான்ஸ் கொடி வந்த நாள் அது. மேஜர் ஜெயிச்ச பிரெஞ்சுப் பொண்ணுங்க உங்களோட சேத்து மொத்தமே மூணு பேர்: 1967ல யூ.எஸ். ஓப்பன் ஜெயிச்ச காத்ரின் லகோஸ்த், 2003ல கிராஃப்ட் நபிஸ்கோல சோரன்ஸ்டாம ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல முந்தின பத்ரீசியா மெனியே லபூக், அப்புறம் நீங்க. (லகோஸ்த்னா ஆமா, அந்த முதலை படம் போட்ட சட்டைக் குடும்பம்தான். அவங்க கடைசி வரைக்கும் ப்ரோ ஆகவே இல்ல, அமெச்சூரா வந்து யூ.எஸ். ஓப்பனத் தட்டிட்டுப் போனவங்க, இன்னிக்கு வரைக்கும் வேற யாரும் அப்படி செஞ்சதில்ல.)

ஆனா எல்லாரும் எவியானோட கதைய முடிக்கிறாங்களே, நீங்க அடுத்த வாரமே ஸ்காட்லாந்து போய் டண்டொனால்ட்ல ஸ்காட்டிஷ் ஓப்பனையும் ஜெயிச்சீங்க. சொந்த நாட்ல மேஜர் ஜெயிச்சவங்க ஒரு வாரம் போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குவாங்க, பேட்டி குடுப்பாங்க, நீங்க மலைச்சரிவுல இருந்து எறங்கி நேரா கடற்கரை ஓரத்து லிங்க்ஸ் கோர்ஸ்ல போய் காத்துல பந்த உருட்டிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு எவியான விட அந்த ரெண்டாவது வாரம்தான் பெரிசு.

உங்க கணக்கயே கொஞ்சம் பின்னாடி போய்ப் பாப்போம். தாய்லாந்து அப்பா அம்மாவுக்கு கிளமார்ல பொறந்து, பாரிஸ ஒட்டி இருக்குற மோன்ரூஜ்ல வளந்து, அமெரிக்கா டியூக் யுனிவர்சிட்டில சைக்காலஜி படிச்சு, 2014ல அந்த டீம் தேசிய சாம்பியன் ஆனப்ப அதுல நீங்களும் ஒருத்தர். 2015ல பிரிட்டிஷ் லேடீஸ் அமெச்சூர் எங்க ஜெயிச்சீங்க? போர்ட்ஸ்டூவர்ட், வட அயர்லாந்து கடற்கரை. (அந்தப் பட்டத்த 1969ல லகோஸ்த் ஜெயிச்சாங்க, அதுக்கும் முன்னாடி 1927ல அவங்க அம்மாவே ஜெயிச்சாங்க.) 2017ல கீழ்மட்ட டூர்ல ரெண்டு ஜெயிச்சு எல்.பி.ஜி.ஏ.ல (பெண்கள் ப்ரோ கோல்ஃப் டூர்) ஆட கார்ட் வாங்கி, 2019ல முதல் எல்.பி.ஜி.ஏ. பட்டம் எங்க வந்துச்சு? ஆஸ்திரேலியால விக் ஓப்பன், தேர்ட்டீன்த் பீச், அதுவும் கடல் காத்து. ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் ஒரே கோர்ஸ்ல ஒரே நேரத்துல ஒரே பரிசுப் பணத்துக்கு ஆடுற போட்டி அது, அப்படி இன்னும் நாலு இருந்தா நல்லா இருக்கும், அது வேற பேச்சு. அப்புறம் டண்டொனால்ட். போர்ட்ஸ்டூவர்ட், தேர்ட்டீன்த் பீச், டண்டொனால்ட், மூணையும் வரிசையா வச்சுப் பாத்தா உங்க சொந்த ஊர் பிரான்ஸா இல்ல காத்தடிக்கிற கடற்கரையான்னு எனக்கே சந்தேகம் வருது.

அதுல ஆச்சரியமும் இல்ல. நீங்க டிரைவர்ங்கற பெரிய மட்டைய எடுத்து முந்நூறு கஜம் பொளக்குற ஆள் கிடையாது. பந்த ஃபேர்வேல (நடுவுல வெட்டின புல் பாதைல) வைப்பீங்க, அயர்ன் மட்டைல கிரீனுக்கு (குழி இருக்குற புல்தரைக்கு) கொண்டு போவீங்க, புட்டுல (குழிக்குள்ள உருட்டுற அடில) முடிப்பீங்க. டிவில பாக்குறவனுக்கு இது போரடிக்கும், கமெண்டரில கூட லாங் ஹிட்டர்ஸ் பத்திதான் வாய் ஓயாம பேசுவாங்க. காத்து அடிக்கிற எடத்துல மத்தவங்க பந்து மேல போய் அலைக்கழியும்போதுதான் உங்க ஆட்டத்தோட அருமை தெரியும்.

2019 சோல்ஹைம் கப்பையும் (ஐரோப்பா, அமெரிக்கா பெண்கள் டீம் மோதுற போட்டி) யாரும் பேசுறதில்ல. கேப்டன் கேட்ரியோனா மேத்யூ உங்கள வைல்ட் கார்டா எடுத்தாங்க, கிளெனீகிள்ஸ்ல நாலு மேட்ச் ஆடி நாலும் ஜெயிச்சீங்க, அதுல மூணு ஜார்ஜியா ஹாலோட ஜோடி சேந்து. ஐரோப்பா ஜெயிச்சது பதினாலரைக்குப் பதிமூணரை, அதாவது நீங்க கொண்டு வந்த பாயிண்ட்ல ஒண்ணு கொறஞ்சிருந்தாலும் கப் போயிருக்கும். கடைசி புட்ட உங்க டீம்ல இருந்த பெட்டர்சன் போட்டாங்க, ஃபோட்டோல அவங்க வந்தாங்க, சரி. 2023 மார்ச்ல அரிசோனால டிரைவ் ஆன் போட்டில பிளேஆஃப் (சமமா முடிஞ்சா ஜெயிக்க ஆடுற எக்ஸ்ட்ரா ஹோல்), எதிர்ல யாருன்னா அதே ஜார்ஜியா ஹால், முதல் ஹோல்லயே பர்டி (பார விட ஒண்ணு கம்மி) போட்டு முடிச்சிட்டீங்க.

இப்ப பாரிஸுக்கு வரேன், தப்பிக்க மாட்டேன். 2024 ஆகஸ்ட், லெ கோல்ஃப் நாஷியோனால், வெர்சாய் பக்கம். முதல் நாள் 65, மூணு ஸ்ட்ரோக் லீடு, மொத்தக் கூட்டமும் உங்க பேரச் சொல்லிக் கத்துது. ரெண்டாவது நாள் 76. ஒரே ராத்திரில பதினோரு ஸ்ட்ரோக் வித்தியாசம். அந்த நாள நான் பாத்தேன், பாதிக்கு மேல பாக்கப் பிடிக்கல. டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல மெடல விட்டப்ப மனசு வலிச்சது வேற மாதிரி, அது கடைசி ஹோல் வரைக்கும் இழுத்துச்சு. உங்களோடது நடுவுலயே கழண்டுக்கிச்சு. லிடியா கோ தங்கம் எடுத்தாங்க, உங்களுக்கு மெடல் இல்ல. அழுத்தம் தாங்கலன்னு எழுதினாங்க. இருக்கலாம். ஆனா ஒரு வருஷம் முன்னாடி எவியான்ல கத்துனதும் அதே பிரெஞ்சுக் கூட்டம்தான், அங்க தாங்குச்சே? ஒரு மோசமான நாளுக்கு இவ்ளோ பெரிய காரணம் தேட வேண்டாம், கோல்ஃப்ல அப்படி ஒரு நாள் எல்லாருக்கும் வரும், உங்களுக்கு வந்த தேதிதான் கொடுமை.

அழுத்தம் தாங்காத ஆளுன்னு சொல்றவங்க கோலாலம்பூர் பாத்தாங்களா தெரியல. 2023 அக்டோபர் கடைசி, மேபேங்க் சாம்பியன்ஷிப். கடைசி நாள் 64 அடிச்சு பிளேஆஃபுக்கு வந்தீங்க, எதிர்ல தாய்லாந்துப் பொண்ணு அத்தயா திதிகுல், உங்க அப்பா அம்மா நாட்டுக்காரங்க. ஒரு ஹோல், ரெண்டு ஹோல், மூணு ஹோல், ரெண்டு பேரும் விடல. ஒம்பது எக்ஸ்ட்ரா ஹோல் போச்சு, அதாவது பதினெட்டு ஆடி முடிச்சிட்டு அதுல பாதிய மறுபடி ஆடினீங்க, அந்த மலேசியப் புழுக்கத்துல, ஒவ்வொரு புட்டும் போனா போச்சுங்கற நெலமைல. ஒம்பதாவதுல பர்டி. அந்த வருஷத்துல நாலாவது பட்டம். உங்க கரியர்ல ஒரே ஒரு நாளக் காட்டுன்னு யாராவது கேட்டா நான் எவியானக் காட்ட மாட்டேன், இதத்தான் காட்டுவேன்.

அதனால என் ஆசை ஒலிம்பிக் மெடலும் இல்ல, இன்னொரு எவியானும் இல்ல. பிரிட்டிஷ் ஓப்பன், ஏதாவது ஒரு லிங்க்ஸ் கோர்ஸ்ல, காத்து நல்லா சுத்தி அடிக்கிற வருஷமாப் பாத்து. அந்த வாரம் மத்தவங்க ஸ்கோர் எல்லாம் மேல ஏறட்டும், நீங்க பார் பார்னு போட்டுக்கிட்டே வாங்க. நான் ராத்திரி முழிச்சிருந்து பாக்குறேன்.

அன்புடன்,
எல்.பி.ஜி.ஏ. பாக்குற நாலு பேர்ல ஒருத்தன்